வேலங்கரையில் உள்கட்டுக்குக் கதவில்லை

ரொம்ப காலத்துக்கு முந்தி, கொள்ளிடத்துக்கு வடகரையில வேலங்கரைன்னு ஒரு ஊரு. பாசிமணி விக்கிற நம்ம கூட்டம் மழைக்கு முன்னாடி அந்தப் பக்கம் வந்துச்சாம். கூட்டத்துல கொடிக்காயின்னு ஒருத்தி. வெத்திலைக் கொடிக்கால் ஓரத்துல பொறந்தவ, அதான் அந்தப் பேரு.

அவ பாடினா சந்தையில தராசு அப்படியே நிக்குமாம். மாடு அசைபோடாதாம். மணி வாங்க வந்தவங்க மறந்துட்டுப் போயிடுவாங்களாம். "உன் பாட்டால நம்ம யாவாரமே போச்சுடி"ன்னு புருசன் சேட்டு திட்டுவானாம். திட்டிட்டு அவனே உக்காந்து கேப்பானாம்.

அவ பாடுறது செத்தவங்களைக் கூப்பிடுற பாட்டு. பாடப் பாட, பாடுறவளும் அவங்க பக்கமே நடந்து போவா. அதனால கேக்குறவங்க நடுநடுவுல "இருக்கோம்"னு குரல் கொடுக்கணும். அந்தக் குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவ திரும்பணும். நம்ம வழக்கம் அது.

அந்த வருசம் அவ மாமியா கிழவிக்குக் கால் விழுந்துபோச்சு. மழையோ வருது. போற ஊர்லயெல்லாம் வெரட்டுறாங்க. வேலங்கரை மிராசுதார் சொன்னாராம்: "என் வீட்டுல ஒரு பாட்டை முழுசா பாடு. ஆத்தோரத் திட்டுல குடிசை போட்டுக்கோ. ஆனா நீ மட்டும் வரணும்."

சாயங்காலம். விளக்கு ஏத்தியாச்சு. கூடம் பூரா பெரிய மனுசங்க. கொடிக்காயி பாடினா. ஆத்து மேல பனி நடக்குமே, அந்த மாதிரி நடந்துச்சாம் குரல். ஒருத்தரும் அசையல, பேசல. அவங்களுக்கு அதுதான் மரியாதை.

பாதியில நிறுத்திட்டா. "யாராச்சும் இருக்கோம்னு சொல்லுங்க சாமி. இல்லாட்டி நான் போயிடுவேன்."

"கூப்பாடு போட இது என்ன சந்தையா? பாடுறியா, மூட்டையைக் கட்டுறியா?"ன்னாரு மிராசுதார்.

கிழவியை நெனச்சாளாம். பாடினாளாம். விளக்கு மறைஞ்சு ஒரு ஆறு தெரிஞ்சுச்சாம். அக்கரையில அவளைப் பெத்தவ கூந்தலை முடிஞ்சுக்கிட்டு, "வாடி"ங்கிறா. கொடிக்காயி காலு தண்ணியில பட்டுடுச்சாம். கூடத்துல இருந்தவங்க பாத்தது வேற. உதடு நீலம் பூத்துப் போச்சு, குரல் மட்டும் வருதாம்.

அப்போ, பொம்பளைங்க பொழங்குற உள்கட்டுக் கதவுக்குப் பின்னால இருந்து, "இருக்கோம்டி! இங்க இருக்கோம், வந்துடு!"

மிராசுதார் பொண்டாட்டி அகிலாண்டம். கல்யாணமாகி வந்ததுல இருந்து கூடத்து ஆம்பளைங்க காதுல அவ குரல் விழுந்ததே இல்லையாம்.

"உள்ள போ"ன்னாரு மிராசுதார்.

"நான் உள்ளதான் இருக்கேன். அவதான் போய்க்கிட்டு இருக்கா."

சொல்லிட்டு மறுபடியும் "இருக்கோம்!" கூடவே சமையக்கட்டுப் பொம்பளைங்களும் "இருக்கோம், இருக்கோம்!" கொடிக்காயி தண்ணியில இருந்து காலை எடுத்தாளாம். திரும்பி நடந்தாளாம். பாட்டை முடிச்சாளாம்.

அத்தனை பேரு முன்னால சொன்ன சொல்லு, மிராசுதாரால மாத்த முடியல. கிழவி மழைக்காலம் பூரா அந்தத் திட்டுலதான் கெடந்தா. கொடிக்காயி அப்புறம் எத்தனையோ ஊர்ல, ராசா வீட்டுல கூடப் பாடினாளாம். யாரு கூப்பிட்டாலும், "உங்க வீட்டுல பொம்பளைங்க பேசுவாங்களா சாமி?"ன்னு கேட்டுட்டுத்தான் போவாளாம்.

அகிலாண்டம் என்ன பண்ணா தெரியுமா? மறுநாளே ஆசாரியைக் கூப்பிட்டு அந்தக் கதவைக் கழட்டச் சொல்லிட்டா. அவளைப் பாத்து அடுத்த வீட்டுக்காரி, அவளைப் பாத்து அதுக்கடுத்த வீட்டுக்காரி. வேலங்கரைக்குப் போனா பாருங்க. எந்த வீட்டுலயும் உள்கட்டுக்கு நிலை இருக்கும், கதவு இருக்காது.