ஊமையா போன ஹாரன்

...அந்த மாட்ட பாருங்கண்ணா! ரோட்டுக்கே பட்டா வாங்குன மாதிரி நின்னுக்கினு இருக்குது. நானும் ஹாரன அமுக்குறேன், அமுக்குறேன்... 'டிக்'குனு கூட ஒரு சத்தம் இல்ல. தலைய வெளிய நீட்டி 'ஹேய், ஹேய்'னு நானே கத்திக்கினு வரேன். எம்.எஸ்சி. பிசிக்ஸ் படிக்கிற பொண்ணு பண்ற வேலையா இது?

ஐயே, எறங்காதீங்க, உக்காருங்க வேலாயுதண்ணா. ஓரிக்கை ஸ்டாப்புலயே "பஸ்ல போறேம்மா, பஸ்ல போறேம்மா"ன்னு ஒரே கூச்சம் உங்களுக்கு. நாளான்னைக்கு எங்கக்கா ஜீவிதா கட்டிக்கப் போற முகூர்த்தப் பட்டு நீங்க நெய்ஞ்சு குடுத்தது. உங்கள பஸ்ல தொங்க விட்டுட்டு நான் கார்ல போவேனா?

எங்கப்பா இருக்காரே, "நெசவாளர் சொசைட்டியில எடுத்துடலாம்மா, ஜரிகைய சோதிச்சு சீல் வெச்சுத் தருவாங்க"ன்னாரு. நான் விடுவேனா? சாப்பாட்டுத் தட்ட முன்னாடி வெச்சுக்கினே சண்டை! "நெசவாளிகிட்ட சீல் கேக்கறது அவர அவமானப்படுத்துறதுப்பா! நேரா தறிக்காரர்கிட்டயே வாங்கணும்"னு... மேடையில பேசுற மாதிரி. கடைசியில எங்கம்மா, "இவ வாய மூடவாவது அங்கயே வாங்கித் தொலைங்க"ன்னுட்டாங்க. அப்படி ஜெயிச்சு வாங்குன பொடவைண்ணா, இதோ பின் சீட்டுல இருக்குதே, இது!

இருங்க, ஓரங்கட்டிட்டேன். மூங்கில் மண்டபம் ஜங்ஷன் கூட்டத்துல ஹாரன் இல்லாம நுழைய முடியாது. பதட்டப்படாம முறையா பாப்போம். பானட்ட தூக்கறேன். பேட்டரியிலேர்ந்து நேரா ஒரு ஒயரு... கேட்டீங்களா? 'பாம்'! ஹாரன் நல்லாத்தான் இருக்குது. அப்ப ஃபியூஸா? டேஷ்போர்டுக்கு அடியில... கழுத்தே திரும்ப மாட்டேங்குது... ஆ! பாருங்க, உள்ள கம்பி அறுந்து கெடக்குது. ஸ்பேரா? எங்கப்பா வண்டியிலயா? ஸ்டெப்னிக்கே காத்து கெடையாதுண்ணா!

ஒரு நிமிஷம்... ஜரிகை! வெள்ளிதானே அது? கரண்ட் நல்லா ஓடுற உலோகம்னா முதல்ல வெள்ளிதாண்ணா. குஞ்சம் கட்டக் குடுக்கத்தானே பொடவைய எடுத்துக்கினு போறேன், முந்தி நுனியில கரை ஜரிகை இழை இழையா தொங்குது. நாலு இழை பிச்சுக்கறேன். ஏன்ணா கைய புடிக்கறீங்க? முகூர்த்தப் பொடவைய பிக்கக் கூடாதா? எப்படியும் வெட்டி எறியப் போற நுனிண்ணா! நீங்களே இப்படி செண்டிமெண்ட் பேசுனா எப்படி?

முறுக்கியாச்சு... சொருகியாச்சு... அமுக்குறேன்.

...

ஒண்ணையும் காணோமே. இழை பத்தலையோ? இன்னும் கொஞ்சம் சேத்து... ம்ஹூம். இன்னாண்ணா உங்களுக்கு இப்படி வேர்க்குது? கண்ணாடிய எறக்கிக்கோங்க, ஏசி வேலை செய்யாது.

நான் விட மாட்டேன். எடத்துல கோளாறா, இழையில கோளாறா? ஒண்ண மாத்திப் பாத்தா தெரிஞ்சுடும். துப்பட்டா ஊக்கு இருக்குது, வெறும் இரும்பு. ஃபியூஸுக்குப் பதிலா இத வெக்கக் கூடாதுதான், ஒயரு எரிஞ்சுடும். ஒரே ஒரு தடவ பாத்துட்டு எடுத்துடறேன்...

பாஆஆம்!

அடிச்சிடுச்சு! எளநீக்காரரு துள்ளிட்டாரு பாருங்க!

ஆனா... இருங்க. எடம் சரி. சுவிட்சும் சரி. இரும்புல ஓடுற கரண்ட் வெள்ளியில ஓடாதா? சொன்னா எங்க லேபே சிரிக்கும். வெள்ளிய விடுங்க, மட்ட ஜரிகையில செம்பு போடுவாங்களே, அதுல கூட ஓடணும். வெள்ளியும் இல்ல செம்பும் இல்லன்னா... நகத்தால சுரண்டுறேன்... மினுமினுப்பு உரிஞ்சுக்கினு வருது. உள்ள வழவழன்னு...

அண்ணா, இது பிளாஸ்டிக்கு.

அடப்பாவி! எவனோ ஜரிகைக்காரன் உங்கள நல்லா ஏமாத்தியிருக்கான்! நீங்க பாவம் வெள்ளின்னு நம்பி, தறியில உக்காந்து முதுகு ஒடிய நெய்ஞ்சு... விடக் கூடாதுண்ணா! அவன் கடை எங்க இருக்குதுன்னு சொல்லுங்க, இப்பவே வண்டிய அங்க விடறேன். நீங்க வாயத் தொறக்க வேணாம், நான் பேசிக்கறேன், பேசுறதுல என்னைய எவனும்... அண்ணா?

என்ன, கதவு தொறந்திருக்குது? அண்ணா?

அதோ... வேலாயுதண்ணா! ஷேர் ஆட்டோ பக்கம் எங்க போறீங்க? வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு ஏன் ஓடறீங்க? நான் உங்கள ஒண்ணும்...

ஓ.

யோவ்! யோவ் வேலாயுதம்! நில்லுய்யா! நாளான்னைக்கு எங்கக்கா எதய்யா கட்டிக்கும்? எங்கப்பா முன்னாடி நான் போயி எந்த வாயால பேசறது?

பாஆஆம்! பாஆஆஆம்!

இந்த ரோடே திரும்பிப் பாக்குது. நீ மட்டும் திரும்புறியா பாரு!