போர்வையின் நான்கு முனைகள்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, ஆய்வுக்குழுப் பெரியோரே, நாற்காலி கிடைக்காமல் நிற்கும் குவாரித் தொழிலாளர்களே, உறவினர்களே, வணக்கம். "வாலை வீட்லயே கழட்டி வெச்சுட்டுப் போ" என்று அப்பா சொல்லி அனுப்பினார். முயல்கிறேன்.

தொல்லியல் அலுவலர் என்று நீங்கள் புகழ்ந்த அம்மையார் எனக்கு அத்தை. "எப்பதான் கல்யாணம்?" என்று கேட்பவர்களிடம், "கல்லு கிடைச்சாச்சு, யாணம்தான் பாக்கி" என்பார். எந்தக் கல்? குவாரியை ஒட்டிய அந்தப் பாறை. எழுத்தே பிறக்காத காலத்தில் யாரோ அதில் ஒரு மான்கூட்டத்தைச் செதுக்கி வைத்தார்.

உச்சி வெயிலில் அது வெறும் பாறை. சாய்ந்த வெளிச்சம் பட்டால்தான் கோடுகள் எழும். சாக்பீஸால் வரைந்து காட்டலாமே என்றால் சீறுவார். "அது கோடு இல்லடா, ஒருத்தன் கை. அதுமேலயா கிறுக்குவ?" அத்தையின் வழி வேறு. நான்கு பேர் போர்வையைப் பந்தலாகப் பிடிக்க வேண்டும். அந்த நிழலுக்குள் பக்கவாட்டிலிருந்து கண்ணாடியால் வெயிலைத் திருப்புவார். மான்கள் ஓடும்.

பாறையைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கலாமா என்று பார்க்கக் குழு வந்தது. எப்போது? நண்பகலில்.

"சார், போர்வையைக் கொஞ்சம் பிடிங்க. ரெண்டே நிமிஷம்."

"மண்டை பொளக்குது மேடம். இங்கருந்தே தெரியுதே, வெத்துப் பாறை."

அத்தையிடமும் கண்ணாடி இருந்தது, குழுவின் வண்டியிலும் கண்ணாடி இருந்தது. வண்டிக் கண்ணாடி கடைசிவரை இறங்கவில்லை.

குவாரியின் எல்லை பாறைவரை நீண்டது. அத்தை மறு ஆய்வு கேட்டார். அதற்குப் படமெடுக்கப் போன அன்று வெடி வைத்தார்கள். எச்சரிக்கைச் சங்கு ஊதினார்களா என்று இன்னும் விசாரிக்கிறார்கள். பறந்து வந்த கல் யாரையும் விசாரிக்கவில்லை. முன்னால் ஓடிய மானும் அன்றே சிதறியது.

அதே போர்வையில்தான் அத்தையைக் கிடத்தினார்கள். இதோ நிற்கும் தொழிலாளர்களில் நால்வர், ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கீழே இறக்கினார்கள். அன்றைக்கு முனை பிடிக்க ஆள் இருந்தது.

நாளை மறு ஆய்வு. அதுவும் நண்பகலில்தானாம். இருக்கட்டும். மிச்ச மான்கள் அங்கேதான் நிற்கின்றன. போர்வையைத் துவைத்துவிட்டோம், கறை முழுதும் போகவில்லை. கண்ணாடியை நான் பிடிப்பேன். அத்தைக்கு நான் தரும் வாக்கு அது.

மேடையில் நீங்கள் நால்வர். சற்றுமுன் எழுந்து மௌனமாக நின்றீர்கள், நன்றாகவே நின்றீர்கள். நாளைக்கும் அப்படியே நில்லுங்கள், ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு.