அழகரின் ஆறாவது பாட்டு

தலைமைக் கதிரையை நிறைத்து அமர்ந்திருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்து முன்னாள் அதிபர் வீரய்யா ஐயா அவர்களே, முதற்பிரதி பெறுவதற்காகக் கடையை நேரத்தோடு சாத்திவிட்டு வந்திருக்கும் பளீல் ஹாஜியார் அவர்களே, மழையையும் வழுக்கலையும் மதியாமல் ஹந்தானையிலிருந்தும் ஹேவாஹெட்டையிலிருந்தும் மலையிறங்கி வந்த மாதரசிகளே, பின்வரிசையில் நின்று விசிலடிக்கும் பிள்ளைகளே, யாவருக்கும் மேலாக, முன்வரிசை மூன்றாவது கதிரையில் கைப்பையை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்கும் என் தங்கச்சி பாலாம்பிகையே, உங்கள் அனைவரையும் நடராஜா நான் நெஞ்சாரக் கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்கு ஒதுக்கப்பட்டது ஐந்து நிமிடம். நான் பேசி முடித்ததும் தாம்பாளம் வரும். வெற்றிலைக்கு நடுவே தங்கத்தாள் சுற்றிய இசைத்தட்டு இருக்கும். தலைவர் எடுத்துக் கொடுப்பார், ஹாஜியார் எழுந்து வாங்குவார், படம் பிடிப்பார்கள், நீங்கள் கைதட்டுவீர்கள். நம் வெளியீட்டு விழாக்களின் வழமை அது. அந்தத் தாம்பாளம் வந்துவிடக்கூடாதே என்றுதான் இவ்வளவு நேரமும் இந்த மேடையில் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

அழகர் யார்? 'தகரம்' என்ற எங்கள் ராக் இசைக்குழுவின் குரல் அவன், குருதி அவன், கொதிப்பு அவன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பகலெல்லாம் பல்லேகலத் தொழிற்சாலையில் பெட்டி கட்டுவான், மாலையானால் கிட்டாரை மாட்டிக்கொண்டு மலையே மருளப் பாடுவான். சென்ற புரட்டாசியில் நெஞ்சுநோய் அவனைக் கொண்டுபோய்விட்டது. முப்பத்தெட்டு வயது. அவன் விட்டுப்போனது ஒரேயொரு கசெட். வீட்டில் தனியே, சாதாரண ரேடியோப் பெட்டியில் பதிந்த ஆறு பாட்டு. ஐந்து முழுசு. ஆறாவது அரையில் நிற்கிறது.

வெளிநாடுகளில் இது புதிதில்லை. ராக் பாடகன் கண்ணை மூடினால் அலுமாரியில் கிடந்த நாடாவைத் தேடி எடுப்பார்கள். தூசு தட்டுவார்கள், தாளம் கூட்டுவார்கள், அவன் பாடாததையும் பாடியதாக்கி உலகெங்கும் அனுப்புவார்கள். செய்யலாமா என்று அவனிடம் கேட்க முடியுமா? வேண்டாம் என்று அவன் வந்து தடுப்பானா? அவர்களைப் பற்றி நான் எவ்வளவு ஏளனமாகப் பேசியிருக்கிறேன் என்று டிரம்ஸுக்குப் பின்னால் நின்று என்னை முறைக்கும் ஹபீலைக் கேளுங்கள், சொல்வான்.

பிறகு நாங்களும் அதையேதான் செய்தோம்.

ஆறாவது பாட்டில் தகரக் கூரையில் மழை பெய்தது. பஹ்மி அதைக் கணினியில் போட்டுத் துடைத்தான். எங்கள் ஒலிப்பதிவாளர் அவன், கைதேர்ந்தவன், குற்றம் அவனுடையதில்லை, துடைக்கச் சொன்னவன் நான். அழகர் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் சற்று நின்று நின்று பாடியிருந்தான். பாவம், மூச்சு வாங்குகிறான் என்று நினைத்தோம். நண்பனின் நோயை நாலு பேருக்குக் காட்டுவானேன் என்று அந்த இடைவெளிகளையெல்லாம் வெட்டி ஒட்டினோம். அன்பினால் செய்தோம். அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. கடைசியில் பாட்டை முடிக்க நானே இரண்டு வரி எழுதினேன். விண்ணளக்கும் வெண்பறவை, விடியல் தேடும் வீரச்சிறகு என்று என்னென்னவோ. பஹ்மி அச்சு அசல் அழகரின் குரலில் பாடினான். அட்டையில் 'பாடியவர் அழகர்' என்று மட்டும் போட்டோம்.

என்ன சொல்கிறீர்கள் பின்வரிசையில்? கேட்க நன்றாகத்தானே இருக்கிறது என்கிறீர்களா? ஆமாம் ராசா, நன்றாகவே இருக்கிறது. நன்றாக இருப்பதால்தான் பயமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை இசைத்தட்டை எடுத்துக்கொண்டு அழகரின் மனைவி பாலாம்பிகை வீட்டுக்குப் போனேன். தங்கச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள். "நல்லா இருக்குண்ணே" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா இவரு இதுல யாருகிட்ட பாடுறாரு?" என்று கேட்டாள். நான் பெரிய அறிவாளி, "எல்லாருகிட்டயுந்தான்மா" என்று சிரித்தேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையை உள்ளே எடுத்துப் போனாள்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மறுநாள் காலை, வேலை பார்க்கும் நகரசபையில் லீவு சொல்லிவிட்டு, நாங்கள் கைவைக்காத மூலக் கசெட்டை ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். அழகர் ஒரு வரி பாடுகிறான். மழை. அந்த மழைக்குள்ளே, தூரத்து அடுப்படியிலிருந்து, ஒரு சின்னச் சத்தம். 'ம்.'

உங்கள் வீட்டில் கதை சொல்வதில்லையா? கேட்கிறவர் ம் கொட்டாவிட்டால் சொல்கிறவர் மேலே சொல்வாரா? அழகர் அப்படித்தான் பாடியிருக்கிறான். ஒரு வரி பாடி நிறுத்துகிறான், அவள் ம் கொட்டுகிறாள், அடுத்த வரிக்குப் போகிறான். இருபத்திரண்டு வரி, இருபத்திரண்டு ம். மூச்சு வாங்கவில்லை ஐயா அவன், மனைவிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தான். இருபத்துமூன்றாவது வரிக்கு ம் வரவில்லை. காத்திருக்கிறான். மழை பெய்கிறது, அவன் காத்திருக்கிறான். பிறகு பட்டன் அமுங்கும் சத்தம்.

இன்று காலை தங்கச்சியிடம், "அன்னைக்கு ஏம்மா பாட்ட நிப்பாட்டினான்?" என்று மட்டும் கேட்டேன். "நான் கொடத்த எடுத்துக்கிட்டு பீலிக்குப் போயிட்டேண்ணே. தண்ணியோட வந்து பாத்தா ரேடியோவ மூடிட்டாரு. மிச்சத்த நாளைக்குப் பாடுறேன்னாரு. மக்கா நாளு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டோம்" என்றாள். உன் குரலைக் குப்பை என்று கூட்டித் தள்ளிவிட்டோம் என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. இப்போது சபையறியச் சொல்கிறேன், தங்கச்சி. இருவர் பாடிய பாட்டை ஒருவர் பாட்டாக்கினோம். அவன் உனக்காக நிறுத்திய இடத்தில் என் வெண்பறவையைக் கொண்டுவந்து பறக்கவிட்டேன். மன்னிப்பாயோ மாட்டாயோ, எனக்குத் தெரியவில்லை.

ஹபீல் கூப்பிடுகிறான். "என்னத்துக்கு இப்ப இதெல்லாம், தட்டெல்லாம் அடிச்சாச்சு" என்கிறான். ஆம் நண்பா, அடித்தாயிற்று. பெட்டி பெட்டியாக இந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிறது. இன்று ஒன்று வெளியே போனால் அதுவே அழகரின் பாட்டாகிவிடும். நாளை பாடுபவர்கள் என் வரியைப் பாடுவார்கள், அவனுடையது என்று நம்புவார்கள். அவன் வந்து மறுப்பானா? மறுக்க வாயில்லாதவன் பெயரில் நான் பேசலாமா? அவன் பாதியில் விட்டது பாதியாகவே இருந்தால் நமக்கு என்ன குறைந்துவிடும்?

தலைவர் அவர்களே, கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள், தெரிகிறது. ஹாஜியார், இந்த இசைத்தட்டை இன்று உங்கள் கையில் தர எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கசெட்டின் கடைசி நிமிடத்தை மட்டும் இங்கே போடட்டுமா? "போடுங்க, கேப்பம்" என்கிறார் ஹாஜியார். அவர் பெருந்தன்மைக்கு என் தலை தாழ்ந்த நன்றி.

பஹ்மி, போடு. துடைக்காததைப் போடு.

இது மழை. இது அவன் கிட்டார். கைதட்ட வேண்டாம், கண்மணிகளே, கொஞ்சம் பொறுங்கள். அதோ, கேட்டதா, அந்த ம்? அது இருபத்திரண்டாவது. இனி வருவதுதான் அவன் கடைசியாகப் பாடியது.

'நான் வர நேரமானா வெளக்க அமத்திராத...'

இப்போது அவன் காத்திருக்கிறான்.

...

சபையோரே, இப்போது ஒரு ம் கேட்டதல்லவா? அது கசெட்டில் இல்லை. முன்வரிசை மூன்றாவது கதிரையிலிருந்து வந்தது.

அடுத்த வரி வராது, தங்கச்சி. பஹ்மி, அதை அப்படியே நிறுத்து. இந்தப் பாட்டு இனி இந்த இடத்தில்தான் நிற்கும். மழையோடும் அவள் குரலோடும் புதிதாய்ப் பதிந்து, 'பாடியவர்கள் அழகர், பாலாம்பிகை' என்று அட்டை போட்டு, ஹாஜியாரின் கடைக்கே நான் கொண்டுவந்து தருகிறேன். பொறுமையோடு கேட்டிருந்த தலைவருக்கும், தாய்மாருக்கும், திட்டாமல் விட்ட தோழருக்கும் நன்றி. தாம்பாளம் உள்ளேயே இருக்கட்டும். வணக்கம்.