கேற்றுக்குப் பூட்டு

– நாளைக்கு விடிய பள்ளிக்கூடக் கேற்றுக்குப் பூட்டுப் போடுறம், றஞ்சிதா. தாய் தகப்பன்மார் எல்லாரும் வாறாங்க. நீயும் எங்களோட நில்லு.

– நான் எப்பிடிடா நிக்கிற, சுபாகரன்? இடமாத்தம் வந்திரிக்கிறதே எனக்குத்தான். எனக்காக நானே நிண்டு கத்துறதா?

– உனக்காக ஆரு கத்துற? கணிதத்துக்கு உன்ன விட்டா வேற ஆரு இரிக்கா? நீயும் போனா, இந்த முறை ஓ.எல். சோதினை எழுதுற புள்ளையள நட்டாத்தில விட்ட மாதிரித்தான்.

– எனக்கு மட்டும் வயிறு எரியல்லயா? கலியாணம் முடிச்சு அக்கரைக்குப் போயும், தினம் பாதைப் படகில ஏறி ஆத்தக் கடந்து வாறன். ஏன் வாறன்? நீயும் நானும் படிச்ச அதே வகுப்படா அது. கரும்பலகைக்கு முன்னால நிண்டா இண்டைக்கும் நமக்குக் கணக்குப் படிப்பிச்ச நல்லரத்தினம் சேர்ட சத்தம் கேக்குது.

– "எழும்படா, எருமை!"

– அது உனக்கு. எனக்கு "நீ சொல்லு மகள்" எண்டுதான் சொல்லுவார்.

– போ புள்ள, பெரிய இவ! மாரியில வெள்ளம் ஏறிப் பாதை ஓடாட்டி, மனிசன் அக்கரைக்குப் போகேலாமப் பள்ளிக்கூடத்திலயே கிடப்பாரே. மேசை ரெண்டச் சேத்துப் போட்டுப் படுப்பார்.

– வீடு வீடா முறை வெச்செல்லா சோறு குடுத்தம். உங்கட வீட்டு முறைக்குச் செல்வன் மீன் குழம்பு. நீ வாற வழியில நடுத்துண்டத் திண்டுபோட்டு, தலைய மட்டும் கொண்டு நீட்டினாய்.

– ஐயோ, அத ஏன் கேக்கிற! "சுபாகரன், மீனில தலையக் கழிச்சா மிச்சம் எங்கடா?" எண்டார். நான் முழிச்சன். பொறகு சிரிச்சுப்போட்டு அந்தத் தலையையே சூப்பிச் சூப்பித் திண்டார். சத்தியமாச் சொல்றன், கழித்தல் கணக்கு எனக்கு அண்டைக்குத்தான் விளங்கின.

– அப்ப ஒரு வாங்கில நெருக்கியடிச்சு இரிப்பம். ஒருத்தன் எழும்பினா மற்றவன் விழுவான். இப்ப பின் வாங்கெல்லாம் தூசி படிஞ்சு கிடக்கு. பாக்கப் பாக்க அழுகை வருதுடா.

– அழாத, விடு. அதுக்குத்தானே பூட்டு. கல்விக் கந்தோரில இருந்து பெரியவர் வரோணும். உனக்கு மாத்தமில்லையெண்டு எழுதித் தரோணும். அதுவரைக்கும் திறக்கவே மாட்டம்.

– அவர் என்னத்த எழுதுற? போன கிழமை போய் அவரிட்டயே கேட்டனான். பிள்ளைகள் குறைஞ்சுபோச்சாம், ஒரு ரீச்சர இங்கயிருந்து எடுக்கத்தான் வேணுமாம். மேலிடத்து உத்தரவு. ரெண்டே ரெண்டு பிள்ளைகள் கூட இருந்தா என்னைத் தொட மாட்டாங்களாம்.

– ரெண்டு புள்ளையா? ரெண்டு புள்ளைக்காகவா இந்த அநியாயம்! வாய் திறந்து சொல்லியிருக்கலாமே! உன்னிச்சைக் குளத்தடிக்குப் போயெண்டாலும் ரெண்டு பேரத் தேடிப் புடிச்சுக் கொண்டு வந்திருப்பன்!

– அவ்வளவு தூரம் ஏன்டா? காலையில நான் பாதையால இறங்கக்குள்ள, டவுன் பள்ளிக்கூடத்துக்கெண்டு அதில ஏறுறது உன்ட ரெண்டு பிள்ளைகளுந்தான். சின்னவள் எனக்குக் கையக் காட்டிட்டுப் போறாள்.