காற்றுத் திசை கேட்ட கணக்கு

பழைய பஸ் டிக்கெட் ஒன்றின் பின்புறம், "1974 ஜூன், செவ்வாய், கொழிஞ்சாம்பாறை–பொள்ளாச்சி முதல் பஸ்" என்று குறித்து வைத்திருக்கிறேன். முன் சீட்டில் ஒரு அக்காவும் தங்கையும். நர்ஸ் படிப்புக்கான பரீட்சை எழுதப் போனவர் அக்கா, முப்பதை நெருங்கியவர். கணக்குப் புத்தகம் தங்கையின் கையில் இருந்தது.

"ஒரு பங்கு மருந்து, ஒம்பது பங்கு தண்ணி. ரெண்டு லிட்டர் கலவையில மருந்து எத்தனை?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு போட்டிருக்கா?"

"ஏனக்கா, இது கடலைக்காட்டுக்கு அடிக்கற மருந்தில்ல. ஆசுபத்திரி மருந்து!"

"ரெண்டையுமே மருந்துன்னுதானே சொல்றாங்க? செரி, இருநூறு மில்லி. புழு சாவலீன்னா இன்னொரு மூடி." அக்கா சிரித்தார்.

"அங்க புழுவா படுத்திருக்கும்? ஆளு படுத்திருக்கும்! இந்த வருசம் உட்டா வயசு தாண்டீரும், தெரியுமில்ல?"

அக்கா சிரிப்பை நிறுத்தினார். "அப்ப மூடி வேண்டாம். இருநூறு மில்லி, அவ்வளவுதான். அடுத்த கணக்கச் சொல்லு."

பொள்ளாச்சி வரும்வரை ஒரு விடையும் தப்பவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, மருந்து கலக்குமுன் காற்றடிக்கும் பக்கத்து ஜன்னலைச் சாத்தும் நர்ஸ் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அது அவர்தானா என்பதை இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.