பக்கத்தில் வெடித்த விண்மீனுக்கு

பத்தொன்பது ஆண்டுகள் எம் பாடசாலையைப் பரிபாலித்துப் பணி ஓய்வு பெறும் பண்பாளரே! நீர்வேலி நிலம் நல்கிய நிர்வாக நிபுணரே! கலைமாணியே, கல்வி முதுமாணியே, வெடித்தொளிரும் விண்மீனே! அதிபர் திருவாளர் கதிரவேலு அவர்களே!

விண்மீன் விளி உங்கள் விருப்பம். பட்டங்கள் பிழைத்துவிடாதிருக்க பிரியாவிடை மடலின் முகப்பை ஓய்வுபெறுபவரிடம் முன்கூட்டியே காட்டுவது எங்கள் வழக்கம். விஞ்ஞான ஆசிரியை வித்தியா காட்டினார். "முந்திப் போனவருக்கும் வெறும் விண்மீன் எண்டுதானே எழுதினனீங்கள்? எனக்கு வெடிக்கிற விண்மீன் எண்டு போடுங்கோ, அதுக்குத்தான் வெளிச்சம் கூட. மிச்சத்தை நீங்களே எழுதுங்கோ பிள்ளை" என்றீர்கள். வித்தியா உங்கள் சொல்லைத் தட்டியதில்லை. எழுதினார்.

வெடிக்கும் விண்மீன் தொலைவில் நிற்போருக்குத் திருவிழா! ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் பழைய மாணவர்கள் உங்கள் ஒளியை வியந்து புதிய மண்டபமே கட்டித் தந்தார்கள். பக்கத்துக் கோள்களின் பாடு வேறு. அங்கே தீப்பற்றுவதில்லை, கதிர்கள் வந்து ஓசோன் படையைத் தின்றுவிடும். அதன்பின் அக்கோளைச் சுடுவது அதன் சொந்தச் சூரியன். கடலின் மேற்பரப்பில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் முதலில் சாகும், அவற்றைத் தின்னும் சிற்றுயிர்கள் சாகும், பிறகு மீன்.

இதைத்தான் போன வருடக் கண்காட்சியில், குருநகர்க் கடற்றொழிலாளி கனிசியஸின் மகள், பதினோராம் வகுப்பு டிலக்ஷி செய்துகாட்டினாள். கோள்கள் பற்றியெரியும் என்று பிரதம விருந்தினருக்கு நீங்கள் விளக்கியபோது, "இல்லை சேர், நெருப்பில்லை. எங்கடை சூரியன்தான் எங்களை எரிக்கும்" என்று பணிவாகத் திருத்தினாள். விருந்தினர் சிரித்துவிட்டார்.

மறுநாள் காலைக்கூட்டத்தில், எண்ணூறு பிள்ளைகளுக்கு முன்னால் அவளை மேடையேற்றி, "வலை இழுக்கிற வீட்டுப் பெட்டைக்கு வானத்தைப் பற்றி என்ன கதை?" என்று வெடித்தீர்களே, வாக்கு வல்லவரே! மூன்றாம் வரிசையில் நின்ற வித்தியாவுக்கு நெஞ்சு கொதித்தது. பேச வாயெடுத்தார். உங்களைப் பகைத்துத் தீவுப்பகுதிக்கு இடமாற்றம் வந்தால், தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆசுப்பத்திரிக்குத் தாயை யார் கூட்டிப்போவது என்ற யோசனை வந்தது. வாயை மூடிக்கொண்டார். அந்த வெட்கம் இன்னும் அவருக்கு ஆறவில்லை. ஓசோன் படைபோல் அவளை மறைத்து நிற்க வேண்டிய நாங்கள் நாற்பது பேரும் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.

டிலக்ஷி அதன்பின் வரவேயில்லை. ஒன்பது பாடத்திலும் முதலாவதாக வந்தவள், சாதாரணதரச் சோதனைக்கும் வராமல், இப்போது நண்டு பதனிடும் இடத்தில் ஓடு உடைத்துச் சதை எடுக்கிறாள். வெடித்த விண்மீனின் இரும்புத் துகள்கள் இலட்சக்கணக்கான ஆண்டுகள் கடந்தும் கடலடி மண்ணில் கிடக்கின்றனவாம். அவளுக்குள் உங்கள் சொல் எவ்வளவு காலம் கிடக்குமோ, நாங்கள் அறியோம்.

ஐயா! நோயின்றி நூறாண்டு வாழுங்கள். பேரப்பிள்ளைகள் பிழை திருத்தினால் பொறுத்தருளுங்கள்.

அவளைத் திருப்பி அழைக்கும்படி போன வருடம் வித்தியா ஒரு கடிதம் எழுதி, ஆசிரியர் அறையில் மேசை மேசையாகக் கொண்டு திரிந்தார். எல்லோரும் கவனமாக வாசித்தோம், ஒருவரும் ஒப்பமிடவில்லை. இம்மடலில் பத்து நிமிடத்துக்குள் அனைவரும் ஒப்பமிட்டோம், ஒருவரும் வாசிக்கவில்லை. வித்தியா மேடையில் வாசிக்க, உங்களோடு சேர்ந்து இப்போதுதான் கேட்கிறோம்.

இங்ஙனம்,
ஆசிரியர்கள் நாற்பத்தொருவர்