ஒரு சாண் கதவு

மத்தியானச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுகிறவனைப் போலப் பாவப்பட்டவன் இந்த மைசூரில் வேறு யாரும் இல்லை. நான் ஒருநாளும் அப்படிச் சாப்பிட்டதில்லை. எனக்கு நம்பி இருந்தான். நீங்கள் விசாரிக்க வந்திருப்பதும் அவன் விஷயம்தானே? உட்காருங்கள் மேனேஜர் ஐயா, காபி வரும்.

நானும் நம்பியும் இன்டர்மீடியட்டில் ஒரே பெஞ்சு. அவன் மேல்கோட்டைக்காரன், நான் ராமாபுரம். சுதந்திரம் வந்த கையோடு இந்தப் பீங்கான் ஆலையில் சேர்ந்தோம். ஐம்பத்தெட்டில் உலகமெல்லாம் ஒரே பேச்சு: சூரியனுக்குள் எரிகிற நெருப்பை ஒரு கூண்டுக்குள் எரியவைத்து மின்சாரம் எடுக்கலாமாம். அந்த நெருப்பைப் பார்த்து நிற்கும் உட்சுவருக்கு உருகாத, வெடிக்காத ஓடு வேண்டும். நம்பி அதைச் செய்யக் கிளம்பினான். ஒரே ஒரு ஓடு பழுதில்லாமல் வந்தால் சீமை ஆராய்ச்சிக்கூடத்தில் ஐந்து வருஷ வேலை என்று கடிதமே வந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆலை முழுக்க மைசூர்பாகு கொடுத்தவன் நான்தான்.

மண் சேர்ப்பது அவன், சூளை என் பொறுப்பு. நெருப்பை அணைத்தபின் மூன்று நாள் கதவைத் தொடக்கூடாது. குளிர்காற்று பட்டால் ஓடு விரிசல் விட்டுவிடும். இரண்டாம் நாள் அவன் குளிக்கப் போகும் நேரம் பார்த்து நான் கதவை ஒரு சாண் திறந்து, வெற்றிலை போட்டு முடிந்ததும் மூடிவிடுவேன். மூன்று வருஷத்தில் பதினேழு தடவை. பெரிய சிரமமெல்லாம் இல்லை.

அவன் தன் மண்ணைத்தான் சந்தேகப்பட்டான். "ஸ்வல்ப பொறு வேலாயுதம், தப்பு எரியறச்சேதான் நடக்கறது. கண்ணாலே பாத்துடறேன்" என்று சூளையின் பார்வைத் துளையில் கண்ணை வைத்து மணிக்கணக்கில் நிற்பான். நீலக் கண்ணாடி மறைக்கிறதென்று கழற்றிவிடுவான். "கண்ணு போயிரும்டா" என்று நான் சொல்லாத நாளில்லை. கேட்டால்தானே? போன தையில் இரண்டு கண்ணும் போய்விட்டன.

சிரிப்பு மட்டும் போகவில்லை. இப்போது விரலாலேயே மண் சேர்க்கிறான். நான்தான் கைப்பிடித்து அழைத்து வருகிறேன். வழி நெடுகக் கேலியும் கூத்தும்தான். சீமைக் கடிதங்களையும் நானே படித்துச் சொல்கிறேன், அவன் மனம் நோகாதபடி கொஞ்சம் கூட்டியும் குறைத்தும்.

போன வாரம் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். சூளையை என் உதவியாள் கெம்பையன் பார்த்துக்கொண்டான். நேற்று நான் திரும்பி வந்து நுழையும்போது அவன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு உங்களிடம் ஓடினான். பதினெட்டாவது ஓடு முழுசாக இருந்தது. ஆமாம் ஐயா, மற்ற பதினேழையும் கெடுத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு உபகாரம், நம்பியிடம் சொல்லிவிடாதீர்கள். அந்த ஓட்டை நானே எடுத்து அவன் மடியில் வைத்தேன். தடவித் தடவிப் பார்த்தான். "எங்கேயும் தட்டுப்படலையேடா. நன்னாருக்கோ?" என்றான். விரலுக்குத் தட்டாத மயிரிழை விரிசல் குறுக்கே ஓடுகிறது என்றேன். ஓட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தான். பிறகு, "போறது, இன்னொண்ணு போடுவோம்" என்று சிரித்தான். பாருங்கள், பக்கத்தில் நான் மட்டும் இல்லாவிட்டால் அவன் எப்போதோ மனமுடைந்து போயிருப்பான்.